சுத்தியலைக் கீழே வை, மாப்ளே

சுத்தியலைக் கீழே வை, மாப்ளே. உன் கையில இருக்கறது இரும்புச் சுத்தியல். எதிர்ல நிக்கறது 1967-ம் வருசத்து எம்.ஜி.பி. காரு. ரெண்டுல எது கெட்டின்னு பாக்கறதுக்கா அத்தனை டாலரைக் கொட்டி வாங்குனே? சக்கரத்து நடுவுல குரோமியம் பூசி மினுக்கற அந்த நட்டுக்கு ரெண்டு காது இருக்கே, அது அடி வாங்கறதுக்குன்னே வெச்ச காதுதான், நான் இல்லேங்கல. ஆனா எந்த வாத்தியாரும் பையன் காதைக் கடப்பாரை வெச்சுத் திருகினதில்ல.

சிட்னி பெண்டில் ஹில் வீட்டு வாசல்ல நீ இந்தக் காரைத் தொடைக்கற அழகை நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். சக்கரத்துக்கு 60 கம்பி, நாலு சக்கரத்துக்கு 240 கம்பி. ஒவ்வொண்ணையும் தனித்தனியாத் தொடைச்சு, பேரு வெக்காத குறையா வளத்து வெச்சிருக்கே. தெருவுல போற ஆளு நின்னு பாத்தா உன் மூஞ்சி ஒரு சுத்துப் பெருக்குது. எல்லாஞ் சரி. ஒரு தடவையாவது ஒரு சக்கரத்தைக் கழட்டி உள்ள என்ன இருக்குதுன்னு பாத்தியா? பாக்கல. பாத்திருந்தா இன்னைக்குப் பஞ்சரான சக்கரத்துக்கு முன்னால குத்த வெச்சு உக்காந்து, ஒறம்பரை வீட்டுக் கெழவனுக்குப் போன் போட்டிருக்க மாட்டே.

காங்கேயத்துக்காரனுக்கு இங்கிலீசுக் காரைப் பத்தி என்ன தெரியும்னு உன் வீட்டு அம்மிணி அங்க பின்னால முணுமுணுக்கறது எனக்குக் கேக்குது. அம்மிணி சொல்றதும் நாயந்தான். எங்க காலத்து மாட்டுவண்டியில அச்சுக்கோடியில ஒரு கடையாணி. கையால உருவுனா வந்துரும், சக்கரம் தானா வெளிய வரும். அதை மாசத்துக்கொருக்கா கழட்டி, வைக்கோல் கரியையும் வெளக்கெண்ணெயையும் கொழைச்ச மசகைக் கொடத்துக்குள்ள தடவி மாட்டுவோம். தடவலேன்னா ஊர் முழுக்கக் கேக்கற மாதிரி வண்டி அழுவும். உன் காரு நாகரிகமான வண்டி, அழுவாது. மசகில்லாம உள்ளுக்குள்ளேயே துருப்பிடிச்சு, பேசாம உக்காந்துக்கும். அதுதான் வித்தியாசம். மத்தபடி ஆரக்கால், குடம், அச்சு எல்லாம் ஒண்ணுதான், சாமி.

முதல்ல இந்த நட்டு யாரு பெத்த புள்ளைன்னு தெரிஞ்சுக்கோ. இங்கிலாந்துல கவன்ட்ரின்னு ஒரு ஊரு. அங்க சைக்கிள் பண்ணிக்கிட்டிருந்த ரட்ஜ்-விட்வொர்த் கம்பெனிக்காரங்க, போன நூற்றாண்டோட முதல் பத்து வருசத்துலயே, நாலஞ்சு நட்டுக்குப் பதிலா நடுவுல ஒரே நட்டு, சட்டுனு சக்கரம் வெளிய, சட்டுனு சக்கரம் உள்ளன்னு கொண்டு வந்தாங்க. பந்தயக்காரனுக்கு வேறென்ன வேணும்? 1923-ல பிரான்ஸ் நாட்டு லெ மான்ஸ்ல முதல் 24 மணி நேரப் பந்தயம் நடந்தப்ப அதுக்கு வெச்ச கோப்பையே ரட்ஜ்-விட்வொர்த் பேர்லதான். சக்கரத்தைச் சட்டுனு கழட்டறதுக்காகப் பொறந்த நட்டு இது. அது உன் வீட்டு வாசல்ல வந்து கழல மாட்டேங்குதுன்னா குத்தம் நட்டு மேல இல்லே.

ஏன் இறுகுதுன்னு கேளு. சக்கரத்துக்கும் நட்டோட கூம்புக்கும் நடுவுல மயிரிழை ஆட்டம் உண்டு. வண்டி பாரம் அதும்மேல உக்காந்து, சக்கரம் முன்னால உருள உருள, நட்டு மயிரிழை மயிரிழையா எதிர்ப்பக்கம் நகரப் பாக்கும். அந்த எதிர்ப்பக்கந்தான் இறுகற பக்கம். ஓட ஓடத் தானே இறுகிக்கணும்னுதான் வலப்பக்கத்துக்கு ஒரு மரை, இடப்பக்கத்துக்கு அதுக்கு நேரெதிரா ஒரு மரைன்னு வெச்சாங்க. இடப்பக்கம் வழக்கமான மரை, வலப்பக்கம் தலைகீழ் மரை. நீ வலப்பக்கச் சக்கரத்து முன்னால உக்காந்துக்கிட்டு, வீட்டுக் கொழாயத் திருகற பழக்கத்துல இடதுபக்கமாப் போட்டுச் சாத்துன பாரு, அந்த ஒவ்வொரு அடியும் நட்டை இன்னும் இறுக்கித்தான் விட்டுருக்கும். அடிமேல் அடி வெச்சா அம்மியும் நகரும்னு சொன்ன பெரியவங்க, அம்மி எந்தப் பக்கம் நகருங்கறதை உன் புத்திக்கு விட்டுட்டாங்க.

நட்டு மேலயே அம்புக்குறி போட்டு, கழட்டற பக்கம் இதுன்னு இங்கிலீசுல பொறிச்சிருக்கு. எம்.பி.ஏ. படிச்சவன் கண்ணுக்கு அது தெரியல. பரவால்ல, படிக்காதவன் பாடம் ஒண்ணு சொல்றேன், மறக்காது: உன் எம்.ஜி.யாகட்டும், ஜாகுவார், ஆஸ்டின் ஹீலியாகட்டும், வண்டி முன்னால போறப்ப சக்கரம் எந்தப் பக்கம் சுத்துதோ அந்தப் பக்கம் திருப்புனா நட்டு கழலும். ரெண்டு பக்கத்துக்கும் அதே கணக்கு. அப்படின்னா அடி எங்க விழணும்? காதுல ஒண்ணு வண்டியோட மூக்கைப் பாத்திருக்குதே, அதுக்கு மேல, கீழ்ப்பாத்து. மாட்டறப்ப பின்பக்கத்துக் காதுல கீழ்ப்பாத்து. இவ்வளவுதான் வேதம்.

இப்ப ஆயுதத்துக்கு வருவோம். இந்தக் கார் கம்பெனிக்காரன் குடுத்த பையில ஒரு சுத்தியலும் இருந்திருக்கும். ஒரு மூஞ்சி செம்பு, மறு மூஞ்சி பச்சைத் தோலு. பர்மிங்ஹாம் பக்கத்து தோர் கம்பெனிச் சுத்தியல் இதுல பேர் போனது. செம்பு மெத்து, நட்டு கெட்டி. அடிக்கறப்பச் செம்பு நசுங்கும், நட்டு தப்பிக்கும். அந்தப் பழைய சுத்தியலை உனக்கு முன்னால வெச்சிருந்தவன் எங்கேயோ தொலைச்சிருப்பான், நீயும் கேக்காம வாங்கியிருப்பே. ஈயச் சுத்தியலும் உண்டு. நல்லா கனமா, ‘தொப்’புனு உக்காரும்; நசுங்கிப் போனா உருக்கி மறுபடி வாத்துக்கலாம். ஆனா ஈயம் வெசம். அதைத் தொட்ட கையோட பக்கோடாவுல கை வெக்காதே.

சாதாரணமா இறுகின நட்டு செம்புச் சுத்தியலாலயே நகர்ந்துரும். வருசக்கணக்காத் துருவேறிப் போன நட்டு நகராது. ரெண்டு மூணு நல்ல அடிக்கு அசையலேன்னா நிறுத்திரு. மேல மேல அடிச்சா அந்த அதிர்ச்சியெல்லாம் உள்ள இருக்கற பேரிங்குக்குத்தான் போகும். காது ஒடைஞ்சு பறந்தா கண்ணுக்கு வரும். கண்ணாடி போட்டுக்கிட்டு அடி. வெயிலுக்குப் போடற கறுப்புக் கண்ணாடி இல்ல, பட்டறைக் கண்ணாடி.

அடுத்த ஆயுதந்தான் எனக்குப் புடிச்சது. மரக்கட்டைச் சாவி. கடையில தேடி அலையாதே, நீயே பண்ணு. மரம், ஆணி விக்கற பன்னிங்ஸ் கடை வாசல்ல சுடற சாசேஜ் வாசனையைத் தாண்டி உள்ள போறதுக்கு மட்டும் மனோதிடம் வேணும். உள்ள மரம் இருக்கும். பைன் எடுக்காதே, அது பல்லுக் குத்தறதுக்குத்தான் ஆகும். ஸ்பாட்டட் கம், ஜாரா, அயர்ன்பார்க் இந்த மாதிரி இந்த நாட்டுக் கெட்டி மரமாப் பாரு. அயர்ன்பார்க் நம்மூர்க் கருவேலத்துக்கு அண்ணன். ஆணி அடிச்சா ஆணிதான் வளையும். ரெண்டு அங்குலம் கனமான பலகைத் துண்டு ஒண்ணு, அஞ்சடி நீளத்துல தாட்டியான சட்டம் ஒண்ணு. அம்புட்டுதான் செலவு.

வீட்டுக்கு வந்து என்ன பண்றே, பழைய அட்டைப்பெட்டியை நட்டு மேல வெச்சு அமுக்கி, காதோட அச்சை எடு. அதை வெட்டிப் பலகை மேல வெச்சுப் பென்சில்ல கோடு போடு. கோட்டுக்கு உள்பக்கமா அறு, வெளிப்பக்கமா அறுத்துட்டு அப்புறம் லொடலொடன்னு ஆடுதுன்னு எனக்குப் போன் போடாதே. உளியால கொஞ்சங் கொஞ்சமாச் செதுக்கி, நட்டு மேல வெச்சு வெச்சுப் பாத்து, ரெண்டு காதும் பள்ளத்துக்குள்ள ஒண்ணா உக்காரணும். ஒரு காது தொட்டு ஒரு காது தொடாம இருந்தா தொட்ட காது ஒடையும். குரோமியத்துல கீறல் விழாம பள்ளத்துச் சுவர்ல பழைய டியூப்பையோ தோலையோ ஒட்டு. நட்டோட நடு மண்டை முட்டாம இருக்கப் பலகை நடுவுல ஒரு ஓட்டை. அப்புறம் சட்டத்தைப் பலகை முதுகுல நாலு போல்ட் போட்டு முடுக்கு. ஆணி வேண்டாம், ஆணி சிரிக்கும்.

இப்ப கணக்குப் பாரு. அஞ்சடின்னா ஒன்றரை மீட்டர். 60 கிலோ ஆளு கம்பு கோடியில முழுசா உடம்பைச் சாச்சா, 880 நியூட்டன் மீட்டருக்கு மேல முறுக்கு வருது. அம்மிணி ஓட்டற புதுக் காரோட சக்கர நட்டுக்கு நூறு சொச்சம் போதும். வித்தியாசம் புரியுதா? இதுல சத்தமில்ல, அதிர்ச்சியில்ல, பக்கத்து வீட்டுக்காரன் ஜன்னலைத் தொறந்து பாக்கற வேலையில்ல. மெதுவா, அழுத்தமா, ஒரே சீரா அமுக்கு. நட்டு கழலறப்ப ‘டக்’குனு ஒரு சத்தம் வரும், அந்தச் சத்தத்துக்காகவே இன்னொரு தடவை இறுக்கிக் கழட்டலாமான்னு தோணும்.

கம்பு வண்டி மூக்கைப் பாத்து இருக்கட்டும், கீழ்ப்பாத்து அமுக்கு. நட்டு தரையிலிருந்து ஒரடி உயரந்தான், அதனால கம்பு கொஞ்சம் வானம் பாத்தாட்டம் ஆரம்பிக்கணும்; இல்லாட்டி ரெண்டு அமுக்குல தரை தட்டிரும். நீ அமுக்கற பக்கம் வண்டி முன்னால உருளப் பாக்கும், சக்கரத்துக்கு முன்னால கல்லு வை. எம்.ஜி.பி.க்குக் கைப்பிரேக்கு பின் சக்கரத்துக்கு மட்டுந்தான். முன் சக்கரத்துக்கு அம்மிணியைச் சீட்டுல உக்கார வெச்சுப் பிரேக்கை மிதிக்கச் சொல்லு. ரொம்ப நாளாக் கேட்டுக்கிட்டிருந்துச்சே, இந்தக் காருல என்னை எப்பக் கூட்டிக்கிட்டுப் போவேன்னு; இப்பவாவது உள்ள உக்காரட்டும்.

இதுல ஒரு பஞ்சாயத்து இருக்கு, முன்கூட்டியே சொல்லிடறேன். சக்கரம் தரையில இருக்கறப்பவே கழட்டணும்னு ஒரு கட்சி. ஜாக்கி போட்டுத் தூக்கின பின்னாலதான் கழட்டணும்னு இன்னொரு கட்சி. கிளப் கூட்டத்துல இதைக் கேட்டுராதே, சாயங்காலம் வரைக்கும் டீ ஆறிப் போகும். கழட்டறதுல எந்தக் கட்சியிலயும் சேந்துக்கோ. மாட்டறப்ப மட்டும் சக்கரம் காத்துல இருக்கணும். தரையில வெச்சு இறுக்கினா வண்டி பாரத்துல சக்கரம் கோணலா உக்காந்து, கூம்பு ஒழுங்கா நடுவுல சேராது. ஜாக்கியை மட்டும் நம்பிக் கை காலை அடியில விடாதே, தாங்கியும் வை.

எண்ணெய் வைத்தியம் கேட்டே. டப்பாவுல விக்கற டபிள்யூ.டி.-40-ஐ அபிசேகம் பண்ணியாச்சு, அசையலேன்னு சொல்றே. ஏஞ் சாமி, அது 1953-ல அமெரிக்காவுல சான் டியாகோவுல ஈரத்தை விரட்டறதுக்குன்னு பண்ணினது. பேர்லயே அதான் இருக்கு. நாப்பதாவது முயற்சியில சரியா வந்துச்சாம். ஏவுகணைக்குத் துருப்பிடிக்காம இருக்கப் பூசின சங்கதி. ஏற்கனவே புடிச்ச துருவுக்குள்ள ஊர்ந்து போறதுக்குன்னே தனி எண்ணெய் இருக்கு, அதைக் கேட்டு வாங்கு. வீட்டு வைத்தியக்காரங்க தானியங்கி கியர் எண்ணெயையும் அசிட்டோனையும் சரிபாதி கலந்து ஊத்துவாங்க. கலந்ததைக் குலுக்கிக்கிட்டே இருக்கணும், இல்லாட்டி கொஞ்ச நேரத்துல ரெண்டும் பாகப்பிரிவினை பண்ணிக்கும். பெயின்ட் மேல பட்டா பெயின்டைத் தின்னும். நெருப்பைக் கண்டா பத்திக்கும். எந்த எண்ணெயா இருந்தாலும் ராத்திரி ஊத்தி, மறுநாள் காலையில ஊத்தி, மறுபடி சாயங்காலம் ஊத்தி, நடுவுல சுத்தியல் மரக்கைப்பிடியால மெதுவாத் தட்டிக்கிட்டே இருக்கணும். நீ ஊத்தின கையோட அடிச்சா எண்ணெய் பேன்ட் மேலதான் தெறிக்கும். நட்டுக்கும் சக்கரத்துக்கும் குறுக்க மார்க்கர்ல ஒரு கோடு போட்டு வை. நகர்ந்துச்சா இல்லையான்னு உன் ஆசை சொல்லாது, கோடு சொல்லும்.

சூடு காட்டலாம். நட்டு வெளியில இருக்கு, அது மாட்டற அச்சுக்கோடி ஹப்பு உள்ள இருக்கு. வெளியில இருக்கறதைச் சட்டுனு சூடாக்கினா அது விரியும், உள்ளது விரியறதுக்குள்ள திருப்பிரணும். அதுக்குன்னு கேஸ் டார்ச்சைத் தூக்கிக்கிட்டு வராதே. குரோமியம் நீலம் பூத்துப் போகும், உள்ள கிரீஸ் உருகி ஓடும், ரப்பர் சீல் கருகும், டயரும் பக்கத்துலயே இருக்கு. நேத்து ஊத்தின எண்ணெய் வேற காத்துக்கிட்டு இருக்கும். கொதிக்கற தண்ணியில முக்கின துணியைச் சுத்தி வை, இல்லேன்னா பெயின்ட் உரிக்கற சுடுகாத்து மெசின் காட்டு. டிசம்பர் ஜனவரிக் கோடையில வெளிய தீப்பொறி பறக்கற எந்த வேலையும் செய்யறதுக்கு முன்னால அன்னைக்கு முழு நெருப்புத்தடை நாளான்னு பாத்துக்கோ. மெல்பன்ல உன் தங்கச்சி புருசன் கிட்டக் கேளு, தடை நாள்ல வாசல்ல வெல்டிங் வெச்சா என்ன ஆகும்னு அவன் வெலாவாரியாச் சொல்லுவான்.

மனசு ஒடைஞ்சு போகாதே. உன்னை விடப் பெரிய ஆளுங்களுக்கே இந்த நட்டு தண்ணி காட்டியிருக்கு. 2021 மே 23, மொனாக்கோ ஃபார்முலா ஒன் பந்தயம். மெர்சிடிஸ் கம்பெனியோட போட்டாஸ் ரெண்டாவதா ஓடிக்கிட்டிருக்கார். டயர் மாத்த உள்ள வந்தார். உலகத்துலயே காஸ்ட்லியான நட்டு முடுக்கற துப்பாக்கிய வெச்சு முன்பக்க வலது நட்டைத் திருகினாங்க, நட்டோட பல்லு வழிச்சுப் போச்சு. அம்புட்டுதான், பந்தயம் முடிஞ்சுது. வண்டியை இங்கிலாந்துல பிராக்லி தொழிற்சாலைக்குக் கொண்டு போயி, செவ்வாய்க்கிழமைதான் அந்தச் சக்கரத்தைக் கழட்டினாங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கழட்ட ஆரம்பிச்ச சக்கரம்! நீ சனிக்கிழமை காலையில ஆரம்பிச்சிருக்கே, உனக்கு இன்னும் நேரமிருக்கு.

இறுகினா அப்படி, இறுகலேன்னா இன்னொரு கூத்து. அது நம்ம மெல்பன்லயே நடந்துச்சு. 2018 மார்ச் 25, ஆல்பர்ட் பார்க். ஹாஸ்னு ஒரு சின்ன கம்பெனி, அவங்க ரெண்டு வண்டியும் நாலாவது அஞ்சாவது எடத்துல ஜம்முனு போயிக்கிட்டிருந்துச்சு. மேக்னுசன் டயர் மாத்தி வெளிய போனார், நட்டு சரியா மாட்டல, ஓரங்கட்டிட்டார். அடுத்தாப்புல குரோஜான் டயர் மாத்தி வெளிய போனார், அவருக்கும் அதே கதை. ரெண்டாவது வண்டி நடுவழியில நின்னதுல பந்தயத்தையே மெதுவாக்க வேண்டி வந்துச்சு. அந்தச் சந்துல வெட்டல் உள்ள போயி டயர் மாத்திக்கிட்டு வந்து ஹாமில்டனுக்கு முன்னால நின்னுட்டார், ஜெயிச்சும் போயிட்டார். யாரோ மாட்டாத நட்டுல யாரோ கோப்பை வாங்கறாங்க. அதே ஆல்பர்ட் பார்க்லதான் 2005 மார்ச் 6-ந் தேதி நம்ம கோயமுத்தூர்ப் பையன் நரேன் கார்த்திகேயன் ஜோர்டன் வண்டியில முதல் ஃபார்முலா ஒன் பந்தயம் ஓட்டினான், பதினஞ்சாவதா வந்தான். நாலு சக்கரமும் கடைசி வரைக்கும் வண்டியோடதான் இருந்துச்சு. கோயமுத்தூர்க்காரன் எதையும் கெட்டியா முடுக்குவான்னு நான் சொன்னா, பெருமை பேசறேன்னு சொல்லுவே.

உன் காரு பொறந்த கதை தெரியுமா? இங்கிலாந்துல இருந்து கப்பல்ல வந்து எறங்கினதுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறயே. பாகந்தான் அங்க அபிங்டன்ல இருந்து பெட்டியில வந்துச்சு. பூட்டினது இங்க சிட்னியில என்ஃபீல்டுல, நீ தோசைமாவு வாங்கப் போற ஸ்ட்ராத்ஃபீல்டுக்குக் கூப்பிடு தூரம். 1963-ல இருந்து 1972 வரைக்கும் ஏறக்குறைய 9,000 எம்.ஜி.பி. இந்த ஊர்க்காரங்க கையால பூட்டினாங்க. அறுபதுகளோட கடைசியில வேலை ஜெட்லேண்ட் தொழிற்சாலைக்கு மாறிச்சு. அந்த எடம் முன்னால குதிரைப் பந்தய மைதானம், அப்புறம் கார்த் தொழிற்சாலை, 1975-ல மூடினாங்க. இப்ப பூரா அடுக்குமாடி வீடு. உன் ஆபீசுல கூட வேலை பாக்கற பையன் வாடகை கட்டியே எளைச்சுப் போனானே, அவன் இருக்கறது அந்த எடத்துலதான். ஆக உன் காரு சிட்னிக்காரி, நீதான் வந்தேறி.

இன்னொரு சங்கதி. 1968-ல இருந்து அமெரிக்காக்காரன் இந்தக் காது வெச்ச நட்டே கூடாதுன்னு சட்டம் போட்டான். சக்கரம் சுத்தறப்ப ரோட்டோரத்துல நடக்கறவங்க காலைக் காது பதம் பாக்கும்னு. நாயந்தானே? 1964-ல வந்த கோல்டுஃபிங்கர் படத்துல ஜேம்ஸ் பாண்ட் வண்டியில சக்கர நட்டு நீண்டு போயி பக்கத்துக் காரு டயரைக் கிழிக்கறதைப் பாத்தவங்களுக்குப் பயம் வராம என்ன பண்ணும்? அப்புறந்தான் காதில்லாத எட்டுப்பட்டை நட்டு வந்துச்சு. அதுக்கு வளையச் சாவி மாட்டி, சாவியோட கைப்பிடி மேலதான் அடிக்கணும். நீ பழைய காதுதான் அழகுன்னு தேடி வாங்கி மாட்டியிருக்கே. அழகுக்கு வாங்கினதுக்கு அழகாவே மாட்டிக்கிட்டே. வெளிநாட்டுல வார்ப்புல ஊத்தின மலிவு நட்டா, பழைய கெட்டி நட்டான்னு பாத்தியா? மலிவு நட்டா இருந்தா சுத்தியலை மறந்துரு, மரச்சாவிதான்.

எதுக்கும் மசியலேன்னா கடைசியில ஒரு வழி இருக்கு. நட்டைப் பலி குடுத்துரு. காதுக்கும் காதுக்கும் நடுவுல வரிசையா ஓட்டை போட்டு, உளி வெச்சுப் பொளந்து எடுக்கணும். ஓட்டை நட்டோட சதைக்குள்ளேயே நிக்கணும், உள்ள ஹப்போட மரையைத் தொட்டா குடி முழுகிப் போச்சு. நட்டு கடையில கெடைக்கும். ஹப்பு மாத்தணும்னா பாதி வண்டியைப் பிரிக்கணும். இந்த வேலையை மட்டும் நீ பண்ணாதே, கைவாகு உள்ள பழைய மெக்கானிக் கிட்டக் குடு. நீ எக்செல் ஷீட்ல கெட்டிக்காரன், அதை நான் எங்கயும் சொல்லுவேன்.

நட்டு கழண்டுச்சுன்னு குதிக்காதே, சக்கரம் அப்பவும் வராது. உள்ள பல்லுப் பல்லா வரி போட்ட ஹப்பு மேல சக்கரம் சொருவி நிக்குது. வண்டியை இழுக்கறதும் நிறுத்தறதும் அந்தப் பல்லுதான், நட்டு இல்ல. மசகு காஞ்சிருந்தா அங்கயும் துரு. அதுக்கு நட்டை முழுசாக் கழட்டாம ரெண்டு மூணு சுத்து மட்டும் தளத்தி வெச்சுக்கிட்டு, சக்கரத்தைத் தரையில எறக்கி, வாசல்லயே நடை வேகத்துல கொஞ்சம் முன்னால, கொஞ்சம் பின்னால நகர்த்திப் பாரு. ‘மடக்’குனு விட்டுக் குடுக்கும். அப்படியே ரோட்டுக்குப் போயிராதே.

சக்கரம் கையில வந்ததும் அந்தப் பல்லைப் பாரு, மாப்ளே. நான் இத்தனை நேரம் தொண்டை வறளப் பேசினது அதுக்குத்தான். பல்லோட தலை தட்டையா இருந்தா நல்லது. ரம்பப் பல்லு மாதிரி கூரா இருந்தா தேஞ்சு போச்சுன்னு அர்த்தம். வண்டியை எடுக்கறப்பவும் ரிவர்ஸ் போடறப்பவும் பின்னால ‘டொக்’குனு ஒரு சத்தம் கேக்குதுன்னு சொல்லி, பழைய வண்டின்னா அப்படித்தான்னு பெருமையாச் சிரிச்சியே, அது இதுதான். முழுசாத் தேஞ்சா என்ஜின் சுத்தும், ஹப்பு சுத்தும், சக்கரம் நிக்கும். பிரேக்கும் அதே வழிதான்.

ஏன் இப்படி ஆச்சு? நியூ சவுத் வேல்ஸ்ல முப்பது வருசத்துக்கு மேல ஆன காருக்குக் கம்மிச் செலவுல கிளப் பதிவு குடுத்து, வருசத்துக்கு 60 நாள் ஓட்டிக்கோ, ஓட்டற நாள்ல நோட்டுல எழுதுன்னு சொல்றாங்க. விக்டோரியாவுல 45 நாள் இல்லேன்னா 90 நாள். நீ அந்த அறுபதையும் ஓட்டறதில்ல. நோட்டு புத்தம் புதுசா இருக்கு, நட்டு துருவேறிப் போச்சு. மிச்ச நாளெல்லாம் போர்வை போத்தித் தூங்கற வண்டிக்கு வேற என்ன ஆகும்? வருசத்துக்கு ஒருக்கா, பொங்கலுக்கு மாடு கழுவற நாள்ல, நாலு சக்கரத்தையும் கழட்டி, பல்லு, மரை, கூம்பு மூணையும் சுத்தமாத் தொடைச்சு கிரீஸ் தடவி மாட்டிரு. முறுக்கி முறுக்கி அடிக்காதே, செம்புச் சுத்தியல்ல கெட்டியாகற வரைக்கும் நாலு தட்டுப் போதும்.

மாட்டி முடிச்சு அம்பது கிலோமீட்டர் ஓட்டினதும் நாலு நட்டையும் மறுபடி தட்டிப் பாக்கணும். உன் வீட்டுல இருந்து ஹெலன்ஸ்பர்க் பெருமாள் கோயிலு கிட்டத்தட்ட அந்தத் தூரந்தான் வரும். செம்புச் சுத்தியலை மறக்காமப் பின்னால போட்டுக்கிட்டு அம்மிணியையும் கூட்டிக்கிட்டுப் போ. சக்கரத்தடியில எலுமிச்சம்பழம் வெக்கறதுக்கு முன்னால நட்டைத் தட்டிரு, அப்புறம் பெருமாளைப் பாரு.